எண்ணும் எழுத்தும்: ஆய்வு சொன்னதும் அரசு எடுத்துக்கொண்டதும்

2022 ஜூனில் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். தொடக்கப் பள்ளியில் மீதமிருந்த மூன்று ஆண்டுகளையும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலேயே படித்து முடித்த முதல் அணி இதுதான். அதே ஆண்டில் பள்ளிக் கல்வித் துறை, ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் அடிப்படையிலேயே தடுமாறும் மாணவர்களுக்காக 'திறன்' என்று இன்னொரு திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் வாசிப்பும் கணக்கும் வந்துவிட வேண்டும், அதற்குக் கெடு 2025 என்றார்கள். கெடு முடிந்த வேளையில் அடுத்த படிக்கட்டில் அதே வேலைக்கு வேறொரு திட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் தோற்றது என்று எழுதிவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. இந்த அணி ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய 2020இல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தொடக்கப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றாம் வகுப்பை வீட்டிலும் இரண்டாம் வகுப்பைப் பாதியிலும் கழித்துவிட்டு மூன்றுக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். எந்தத் திட்டமாக இருந்தாலும் அவர்களிடம் திணறியிருக்கும். எனவே மதிப்பெண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதைவிட, திட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதைப் பிடித்துக்கொண்டு கேட்பதுதான் முறை. இது ஆய்வின் அடிப்படையில் அமைந்தது என்று பயிற்சிக் கூட்டந்தோறும் சொல்லப்பட்டது. அந்த ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? அவற்றில் எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம்?

முதலில் திட்டத்தின் உடம்பு. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது. நிலைக்கேற்ற பயிற்சி நூல். ஆசிரியருக்கு நாள்வாரியாகக் கையேடு. வகுப்பறையில் கதைக் களம், படித்தல் களம் போன்ற மூலைகள். கைப்பேசிச் செயலி வழியாக வளரறி, தொகுத்தறி மதிப்பீடுகள். இதில் நடுநாயகமான கருத்து நிலைவாரிப் பிரிப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' தெரியாவிட்டால் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் திணிக்காதே, 'அ'விலிருந்து தொடங்கு. சொல்லும்போது இது பாமரனுக்கும் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் 'போர்ஷன்' முடிக்கும் பழக்கத்தில் ஊறிய நம் பள்ளிகளில் இது சிறிய புரட்சி.

இந்தக் கருத்துக்குப் பின்னால் இருக்கும் சான்று லேசானதல்ல. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 'பால்சகி' என்ற திட்டத்தை நடத்தியது. அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் பள்ளிக்கு வருவார். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பார். பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களோடு, எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு பால்சகி கிடைக்கும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, கிடைத்த வகுப்பையும் கிடைக்காத வகுப்பையும் ஒப்பிட்டார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 0.28 திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேற்றம். புள்ளியியல் மொழியை விட்டுச் சொன்னால், நூறு பிள்ளைகளைத் திறன் வரிசையில் நிறுத்தும்போது நட்டநடுவே நிற்கிற பிள்ளை பதினோரு பேரைத் தாண்டி முன்னே வருகிறது. கல்வி ஆய்வில் இது நல்ல அறுவடை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இனிமேல்தான் நம் அதிகாரிகள் கவனித்திருக்க வேண்டிய பக்கங்கள் வருகின்றன. அதே முறையைப் பெரிய அளவில் அரசுப் பள்ளிக்குள் கொண்டுபோனபோது என்ன ஆயிற்று? பீகாரிலும் உத்தரகண்டிலும் பாடப்பொருள்களை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. பீகாரில் பொருளோடு பயிற்சியும் கொடுத்தார்கள். கல்வியாண்டின் நடுவே வழக்கமான வகுப்பில் அதுவும் எடுபடவில்லை. அங்கேயே பொருள், பயிற்சி, அவற்றோடு ஊர்த் தன்னார்வலர் என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே பீகாரில் அதே அரசு ஆசிரியர்கள் கோடை விடுமுறை முகாமில், பாடத்திட்டத்தின் கெடுபிடி இல்லாமல் சொல்லிக்கொடுத்தபோது பலன் கிடைத்தது. ஆசிரியருக்குத் தெரியாததால் வந்த குறை அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். தெரிந்ததைச் செய்வதற்குப் பள்ளி நாளில் இடம் இல்லை, அவ்வளவே.

ஹரியானாவில் 2012-13இல் வேறு வழியைப் பிடித்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் மூன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகள் வகுப்பை மறந்து நிலைவாரியாக உட்கார்ந்தார்கள். மேற்பார்வை செய்யும் வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே சில வாரங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகினார்கள். இந்தி வாசிப்பில் முன்னேற்றம் வந்தது, 0.15 என்ற சிறிய அளவில். கணக்கில் ஒன்றும் வரவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பிரதம் ஊழியர்களும் தன்னார்வலர்களும் பள்ளிக்குள்ளேயே பத்து நாள், இருபது நாள் முகாம்களாக ஐம்பது நாள் அளவுக்கு நடத்தியபோது 0.6 முதல் 0.7 வரை தாவியது. நடுவே நின்ற பிள்ளை கால்வாசிக் கூட்டத்தைத் தாண்டிப் போனது.

இவ்வளவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பலன் வந்த இடங்களில் எல்லாம் ஒரு புதிய ஆள் வந்திருக்கிறார், அல்லது பாடத்திட்டத்திலிருந்து பிடுங்கிய தனி நேரம் வந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டும். நூலும் கையேடும் மட்டும் வந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. நிலைவாரிப் பிரிப்பு என்பது தனியாக நின்று வேலை செய்கிற மருந்தல்ல.

இதற்கு வடக்கே போகவேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன, இரண்டும் முதல்தரமானவை. நம் அங்கன்வாடிகளில் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரை நியமித்தால் என்ன ஆகும் என்று அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளீதரன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் மூவரும் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை வைத்து ஆராய்ந்தார்கள். வழக்கமான பணியாளருக்குச் சத்துணவு, எடை பார்த்தல், பதிவேடு என்று வேலை நெட்டித் தள்ளும். புதியவருக்கு முன்பருவக் கல்வி மட்டுமே பொறுப்பு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 அளவு முன்னேற்றம். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. புதிய கற்பித்தல் முறை ஒன்றையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்தார்.

இன்னொன்று, கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட அரசு நடத்திய இல்லம் தேடிக் கல்வி பற்றியது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளீதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கணக்கில் 0.7, மொழியில் 0.34 அளவுக்குச் சரிவு. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியின் பங்கு என்று கணக்கிட்டார்கள். மீதி முக்கால் பங்கும் பள்ளிக்கூடம் திறந்ததாலேயே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாதாரண வகுப்பறையை நாம் எவ்வளவு குறைத்து எடைபோடுகிறோம் என்பதற்கு அது அத்தாட்சி. இருந்தாலும், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் திண்ணையிலும் ஊர்ப் பொது இடங்களிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களால் நாலில் ஒரு பங்கு மீட்பு என்பது எளிய செய்தியல்ல.

இனி எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். நிலைவாரிப் பிரிப்பை எடுத்துக்கொண்டது. நூலையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டது. அச்சும் அமைப்பும் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளை எடுத்துக்கொள்ளவில்லை. நேரத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை, இருந்த நேரத்தில் கொஞ்சம் பறித்துக்கொண்டது என்றே சொல்லவேண்டும். இல்லம் தேடிக் கல்வியோ பிறகு படிப்படியாகச் சுருங்கிப்போனது. சான்று எதற்கு இருந்ததோ அதைச் சுருக்கி, சான்றின் துணைப்பொருளாக இருந்ததைப் பெருக்கியிருக்கிறோம்.

பறித்துக்கொண்டது என்று ஏன் சொல்கிறேன்? ஓர் ஈராசிரியர் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவுக் கணக்கு, எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள்களின் பதிவேடு, குறுவளமையக் கூட்டம். இதற்கு நடுவே ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து, அரும்புக்கு ஒரு வேலை, மொட்டுக்கு ஒரு வேலை, மலருக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும். அப்புறம் கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் அழைத்து, திரையில் வரும் கேள்வியைக் காட்டி, விடையைத் தட்டி, இணையம் அறுந்தால் மறுபடி தட்டி. முப்பது பிள்ளைகளுக்கு இப்படி மதிப்பீடு செய்து முடிக்கும்வரை மற்ற இருபத்தொன்பது பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது தொடக்கப் பள்ளி வாசலை மிதித்தவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் சங்கங்கள் இதைப் பற்றிக் குரல் எழுப்பியபோது வேலை செய்ய மனமில்லாதவர்களின் புலம்பலாகவே அது பார்க்கப்பட்டது.

அந்தப் புலம்பலுக்குச் சான்று இருக்கிறது. நிலைவாரிக் கற்பித்தலுக்குச் சாதகமாகக் காட்டப்படும் அதே ஹரியானா ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்ற முறையையும் அங்கே தனியாகச் சோதித்தார்கள். அடிக்கடி மதிப்பிட்டு, பதிந்து, அதைப் பார்த்துக் கற்பித்தலைத் திருத்திக்கொண்டால் பிள்ளை முன்னேறும் என்பது அதன் எண்ணம். தொடக்க நிலையிலும் நடுநிலையிலும் பலன் சுழியம். ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஒரே வகை ஆசிரியர்கள். நிலைவாரியாகச் சொல்லிக்கொடுத்தது பலித்தது, அடிக்கடி மதிப்பிட்டது பலிக்கவில்லை. நாம் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒன்றின் பெயரால் மற்றதை இறக்கியிருக்கிறோம். மதிப்பீடே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பிள்ளையை எந்தக் குழுவில் உட்காரவைப்பது என்று தெரிய ஒரு பக்கத் தாளும் பருவத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடமும் போதும். பிரதம் தன் முகாம்களில் இதுபோன்ற எளிய சோதனையைத்தான் வைத்தது. தலைமையகத்துத் திரையில் வண்ணக் கட்டங்கள் நிறைவதற்காகப் பதிவது வேறு கதை.

அடுத்தது வாசிப்பு. இதில்தான் எனக்குப் பெரிய குறை. வாசிப்பு எப்படி வருகிறது என்பது பற்றி உலகத்தில் குவிந்திருக்கும் ஆய்வில் பெரும்பகுதி ஆங்கிலத்தைப் பற்றியது. 2000இல் அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு கொடுத்த அறிக்கை ஒலியுணர்வு, எழுத்தொலி, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்று ஐந்து தூண்களை நிறுத்தியது. இன்றைக்கு எந்த நாட்டில் அடிப்படை எழுத்தறிவுத் திட்டம் எழுதினாலும் இந்த ஐந்தும் வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கிலப் பிள்ளைக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரிய தலைவலி என்பதால் அங்கே அந்தச் சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வந்த ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் சொற்களில் 98 விழுக்காட்டைச் சரியாகப் படித்தார்கள், ஆங்கிலப் பிள்ளைகள் 34 விழுக்காட்டை. இப்படி விதிவிலக்கான ஒரு மொழியை வைத்து உலகத்துக்கெல்லாம் வாசிப்புக் கொள்கை வகுப்பது சரியா என்று டேவிட் ஷேர் 2008இல் கேட்டார். தமிழுக்கு அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?

தமிழ்ப் பிள்ளையின் சிக்கல் வேறு. எழுத்து 247 என்று பயமுறுத்துகிறோம். உண்மையில் உயிர் 12, மெய்வடிவம் 18, ஆய்தம் 1 தெரிந்தபின், கால், கொம்பு, சுழி, புள்ளி என்று எட்டுக் குறிகள் பெரும்பாலானவற்றை முடித்துவிடும். ஆனால் உகர ஊகார வரிசை அடங்காது. கு, சு, டு, து, மு, ரு, ழு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாக வளையும். அந்த 36 வடிவத்தையும் பிள்ளை ஏறக்குறையத் தனித்தனியாகவே மனதில் ஏற்றவேண்டும். என் கணக்கில் மொத்தச் சுமை ஏறத்தாழ 75 வடிவம். 1978இல் ணா, றா, னா, லை, னை போன்றவற்றைச் சீர்திருத்தியபோது கொஞ்சம் குறைந்தது, உகரம் தப்பிவிட்டது. பிறகு 'கொ'வைப் பாருங்கள். கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, அடுத்து ககரத்தை, கடைசியில் காலை. வாயோ ககரத்தில் தொடங்குகிறது. 'கொக்கு' என்பதை 'கெ… கா… க்கு' என்று படிக்கும் பிள்ளை சோம்பேறியல்ல. இடமிருந்து வலம் படி என்று நாம் சொன்னதை நம்பிப் படிக்கிறது. கல், பகல், பங்கு ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது; அதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் விளக்குவதில்லை, அதுவாகப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

கன்னடத்துக்கு இதைப் போன்ற ஆய்வை சோனாலி நாக் செய்திருக்கிறார். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வு, அசை எழுத்துகளை முழுமையாகக் கற்பது நான்காம் வகுப்புவரை நீள்கிறது, தனி ஒலியைப் பிரித்துணர்வதும் ஆங்கிலப் பிள்ளைகளைவிடத் தாமதமாக வருகிறது என்று காட்டியது. தமிழிலும் ஏறக்குறைய இதே நிலையாக இருக்குமென்றால், எட்டு வயதுக்குள் சரளமான வாசிப்பு என்ற இலக்கே எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டியிருக்கிறது. இலக்கைக் கைவிடச் சொல்லவில்லை. வேறு எழுத்துமுறையில் வளர்ந்த பிள்ளைக்குத் தைத்த சட்டையை இங்கே மாட்டிவிட்டு, கை நீளவில்லை என்று ஆசிரியரைத் திட்டுவது முறையல்ல என்கிறேன்.

எழுத்தைத் தாண்டினால் இன்னொரு மலை. பிள்ளை வீட்டில் 'அம்மா கடைக்குப் போயிருக்கு' என்கிறது. நூலில் 'அம்மா கடைக்குச் சென்றுள்ளார்'. எழுத்துக் கூட்டி அந்த வரியைச் சரியாகப் படித்துவிட்டாலும் தான் அறிந்த பேச்சு காதில் கேட்பதில்லை. அதனால் பொருள் தட்டாது. பேச்சுமொழிக்கும் எழுத்துமொழிக்கும் இப்படி இடைவெளி உள்ள மொழிகளில் அரபி முக்கியமானது. 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளி செல்லுமுன் இருந்த அரபிப் பிள்ளைகளுக்கு எழுத்துமொழிக் கதைகளைத் தொடர்ந்து வாசித்துக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் கதை புரிவதிலும் தாங்களே கதை சொல்வதிலும் மற்றவர்களை முந்தினார்கள். எளிய வேலை: பெரியவர் ஒருவர் புத்தகத்தை விரித்து, நிறுத்தி நிதானமாக, தினமும் வாசித்துக் காட்டுவது. எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் கதைக் களம் இருக்கிறது. அதற்கென்று பொம்மைகளும் இருக்கின்றன. ஆனால் கதையை நாம் பேச்சுமொழியில் நடித்துக் காட்டுகிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நல்லதுதான். எழுத்துமொழி காதில் விழும் நேரம் கூடுவதில்லை. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வகுத்து வெளியிட்ட சிறுநூல்கள் இந்த இடைவெளியை உணர்ந்து எழுதப்பட்டவை. என்னைக் கேட்டால் அண்மை ஆண்டுகளில் துறை செய்த மிக நல்ல காரியம் அதுதான்; ஆரவாரம் இல்லாததால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதற்கு முன் இருந்த செயல்வழிக் கற்றலைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆந்திராவின் ரிஷிவேலியில் சிறிய கிராமப் பள்ளிகளுக்காக உருவான, பிள்ளை அட்டை அட்டையாகத் தானே படித்து ஏறும் ஏணி முறையை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சில எடுத்துக்கொண்டன. நான்கைந்து ஆண்டுக்குள் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பயத்தைப் போக்கியது, பிள்ளையைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தது, எட்டும் உயரத்தில் கரும்பலகை கொடுத்தது. ஆனால் பிள்ளை அட்டையோடு தனித்துவிடப்பட்டது. ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவரானார். சொல்லும் உரையாடலும் கேட்டு வளரவேண்டிய வயதில் வகுப்பறையில் பெரியவரின் குரல் குறைந்தது. பொருளைப் பெருக்கி ஆளைக் குறைக்கும் நம் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

கணக்கில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அதைக் கண்டுகொள்வதே இல்லை. பதினேழு, இருபத்தேழு, முப்பத்தேழு என்று தமிழ் எண்ணுப்பெயர் இடமதிப்பைத் தானே சொல்லிவிடும். தொண்ணூறும் தொள்ளாயிரமும்தான் பிசகு. இந்திப் பிள்ளை நூறுவரை பெரும்பாலான எண்களை மனப்பாடம் செய்தாகவேண்டும். சீன, ஜப்பானியப் பிள்ளைகள் பத்துகளை விரைவில் பிடித்துக்கொள்வதற்கு அவர்களின் எண்ணுப்பெயர் ஒழுங்கும் ஒரு காரணம் என்று 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. அதே வசதி நம்மிடமும் இருக்க, 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் பெருகிய ஆங்கிலவழிப் பிரிவுகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'தர்ட்டீன்' எது 'தர்ட்டி' எது என்று முழித்துக்கொண்டு நிற்கிறது. கணக்கை மட்டுமாவது முதல் இரண்டு ஆண்டு தமிழ் எண்ணுப்பெயரில் நடத்தினால் என்ன என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்த வசதியையும் தாண்டி ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 52இலிருந்து 27ஐக் கழி என்றால் பல பிள்ளைகள் 35 என்று எழுதும். ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. கடன் வாங்கச் சொன்னது மறந்துபோயிற்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்பது நினைவிருக்கிறது. அதே பிள்ளையை அப்பாவின் காய்கறித் தள்ளுவண்டியில் நிறுத்தி, 27 ரூபாய்க்கு வாங்கியவர் 52 ரூபாய் நீட்டினால், 'முப்பதுக்கு மூணு, அம்பதுக்கு இருபது, அப்புறம் ரெண்டு' என்று 25ஐ எண்ணிக் கொடுத்துவிடும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை வைத்து 1985இல் வெளிவந்த புகழ்பெற்ற சிறு ஆய்வில், தெருக்கணக்கில் 98 விழுக்காடு சரி, அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் 37. வெறும் ஐந்து பிள்ளைகள் என்று அதைத் தள்ளியவர்கள் உண்டு. 2025இல் நேச்சர் இதழில் பானர்ஜி, டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி குழுவினர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து அதையே உறுதிசெய்தார்கள். பள்ளிக்கணக்கு வரும் பிள்ளைக்குச் சந்தைக்கணக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டினார்கள்.

விளையாட்டு இந்த இடைவெளியை மூடிவிடும் என்பது நம் பயிற்சிக் கூட்டங்களின் நம்பிக்கை. டெல்லியில் 214 முன்பருவப் பள்ளிகளில் 1,540 பிள்ளைகளுக்கு எண், வடிவ விளையாட்டுகளைச் சில மாதங்கள் ஆடவைத்த ஆய்வு 2017இல் சயன்ஸ் இதழில் வந்தது. எண்ணிக்கை உணர்வு நன்றாக வளர்ந்தது, ஓராண்டுக்குமேல் நீடித்தது. பள்ளிக் கணக்கில் மாற்றம் இல்லை. விளையாட்டிலிருந்து குறியீட்டுக்குப் பாலம் போடும் வேலையை ஓர் ஆசிரியர் கையைப் பிடித்துச் செய்யாவிட்டால், விளையாட்டு விளையாட்டாகவே நின்றுவிடும். மணிச்சட்டமும் குச்சிக்கட்டும் நம் வகுப்பறையில் இருக்கின்றன. கட்டை அவிழ்த்து ஒரு பத்தைப் பத்து ஒன்றாக்கி, அந்த நொடியிலேயே தாளில் அதை எழுதிக்காட்ட நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

திட்டம் பலித்ததா என்பதற்கு வருவோம். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் அறிக்கையின்படி, தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8. 2024 அறிக்கை ஏற்றத்தைக் காட்டியது. உடனே ஒரு தரப்பு எண்ணும் எழுத்தும் வென்றது என்றது. மறுதரப்பு ஏசர் சோதனையே பிழை என்றது. இரண்டு வாதமும் நிற்காது. ஏசர் வீட்டு வாசலில் வைத்து எடுக்கும் சிறிய மாதிரி; மாநிலங்களை வரிசைப்படுத்த அது ஏற்றதல்ல, போக்கைக் காட்டலாம். ஏற்றத்துக்குக் காரணம் திட்டமா, பள்ளி திறந்ததா, தன்னார்வலரா, காலை உணவா என்று பிரிக்க வழியே இல்லை. ஏனென்றால் ஒரே நாளில் மாநிலம் முழுக்கத் திட்டத்தைத் தொடங்கிவிட்டோம். ஒப்பிட ஓர் ஒன்றியத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பாதி ஒன்றியங்களில் முதல் ஆண்டும், மீதியில் அடுத்த ஆண்டும் என்று குலுக்கல் முறையில் தொடங்கியிருந்தால் யாருக்கும் இழப்பில்லை. பதில் கையில் இருந்திருக்கும். ஆய்வின் பெயரைச் சொல்லித் தொடங்கிய திட்டம் தன்னை ஆய்வுக்கு உட்படுத்திக்கொள்ளவில்லை.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஆள் வேண்டும் என்று சொல்லி, ஆயிரம் ரூபாய்க்கு ஊர்ப்பெண்ணை வைத்து ஆசிரியர் வேலை வாங்குவது சுரண்டலாகாதா? கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டம் தொண்டு நிறுவனத்தின் கையில் பலித்து, அரசின் கையில் பலிக்காமல் போனதும் பதிவான செய்தி. இந்த எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். ஆயிரம் ரூபாய் போதாது. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் தன்னார்வலரைக் காட்டி ஒப்பேற்றவும் கூடாது. ஆனால் இரண்டு லட்சம் பேருக்கு மாதம் ஆயிரம் என்றாலும் ஆண்டுக்கு 240 கோடி ரூபாய்தான் ஆகிறது. அதை இரட்டிப்பாக்கி, மிகப் பின்தங்கிய ஒன்றியங்களில் மட்டும் பள்ளிக்கு ஒருவர் என்று வைத்தாலும் அரசால் தாங்க முடியாத செலவு அல்ல.

ஆகவே என் தீர்ப்பு இது. நிலைவாரிப் பிரிப்பு சரி; அதைக் கைவிடக் கூடாது. நூல்கள் நன்று. செயலிவழித் தொடர் மதிப்பீட்டுக்குச் சான்று எதிராகவே இருக்கிறது. பருவத்துக்கு ஒரு முறை போதும், மற்றதை நிறுத்தவேண்டும். தினமும் ஒரு மணி நேரம், எமிஸும் கூட்டமும் தீண்டாத நேரமாக, நிலைவாரிக் கற்பித்தலுக்கென்று எழுத்துமூலம் ஒதுக்கப்படவேண்டும். அந்த மணி நேரத்தில் ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பெயரில் ஆராய்ச்சி என்ற சொல் இருக்கிறது. தமிழ் எழுத்து பிள்ளையின் தலைக்குள் எந்த வரிசையில், எந்த வேகத்தில் ஏறுகிறது என்று ஐந்தாண்டு தொடர்ந்து பார்க்கும் வேலையை அது கையில் எடுக்கவேண்டும். திட்டத்தின் அடுத்த வடிவம் எதுவானாலும், அதை ஒன்றியம் ஒன்றியமாகக் குலுக்கல் முறையில் தொடங்கி, தரவைப் பொதுவில் வைத்துவிட்டு அதன்பின் ஆய்வு அடிப்படையிலானது என்று சொல்லட்டும்.